மடிக்கொடியில் காய்ந்த பயாஸ்கோப்

போன வாரம் ஸ்ரீவராகத்து வீட்டுக் கிணற்றோடு நிறுத்தியிருந்தேன். அந்தக் கிணற்றில் இன்றைக்கு இன்னும் ஒரு வாளி இறைக்க வேண்டியிருக்கிறது.

அன்று சனிக்கிழமை, கச்சேரியில் அரை நாள். நான் அப்போது ஹஜூர் கச்சேரி என்ற சர்க்கார் ஆபீசில் நகல் எழுதும் குமாஸ்தா. செல்லம்மா அக்காவின் வீட்டில்தான் இருப்பும் சாப்பாடும். ஆடி மழை விட்டு ஆவணி வெயில் தலைகாட்டிய நாட்கள் அவை. குடையைக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டு உள்ளே வந்தவன் முற்றத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன்.

அக்காவின் மடிக்கொடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளித்துவிட்டுக் கட்டிக்கொள்ளும் புடவையை யார் கையும் படாமல் உலர்த்துவதற்காக முற்றத்து ஓரத்தில் உயரமாகத் தொங்கவிட்ட மூங்கில் அது. புடவையைக் கோலால் தூக்கித்தான் அதில் போடுவாள், கோலால்தான் எடுப்பாள். காயும்போது யாராவது இடித்துவிட்டால் மறுபடி கிணற்றடிதான்.

அன்று மூங்கிலில் புடவை இல்லை. இரண்டு விரல் அகலத்தில் பளபளவென்று ஏதோ நாடா, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. வெயில் அதன் ஊடே புகுந்து சுவரில் சிவப்பும் பச்சையும் நீலமுமாக விழுந்திருந்தது. காற்று வந்தபோதெல்லாம் அந்த நிறங்கள் சுவரில் ஏறி இறங்கின.

பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. கொஞ்ச நேரம் ரசித்துக்கொண்டே நின்றேன். பிறகுதான் அது என்னவென்று உறைத்தது. அக்காவின் புருஷன், என் அத்திம்பேர், உயிரை வைத்திருந்த பயாஸ்கோப் ரீல்!

"தொடாதேடா, மடி!" என்று அடுக்களையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

தேங்காய் உடைக்கப் போனவர்

அத்திம்பேர் மகாதேவன் மராமத்து இலாகாவில் வரைபடம் போடுகிறவர். பாலம், மதகு, கச்சேரிக் கட்டிடம் என்று நாள் முழுக்கக் கோடு கிழிப்பார். ஒரு கோடு மயிரிழை விலகினாலும் தாளையே மாற்றுவார். அப்படிப்பட்ட மனுஷருக்கு, நிஜத்தில் நிற்கவே முடியாத மேக மாளிகைகள் மேல் எப்படி மோகம் வந்தது என்று பலரும் கேட்பார்கள். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. நாளெல்லாம் மதகு வரைகிறவனுக்குத்தான் மேக மாளிகையின் அருமை தெரியும்.

விதை போட்டது புத்தரிக்கண்டம் மைதானத்துக் கூடாரம். எங்கள் சின்ன வயதில் மழை ஓய்ந்ததும் அங்கே பயாஸ்கோப் கூடாரம் அடிப்பார்கள். பேசாத படங்கள். ஒரு ஆள் திரைக்குப் பக்கத்தில் நின்று, பாதி மலையாளத்திலும் பாதி தமிழிலும், தனக்குத் தோன்றிய கதையைச் சொல்லிக்கொண்டிருப்பான். பெட்டிக்குள்ளிருந்து பெண் வருவாள், புகையாவாள். தலை தனியாகக் கழன்று பாடும். பாட்டை நாமே மனதுக்குள் பாடிக்கொள்ள வேண்டும். தரைமேல் உட்கார்ந்து வாயைப் பிளந்து பார்த்த அந்த மாயங்களுக்கு ஈடாக, பிறகு வந்த பேசும் படங்களில் நான் ஒன்றையும் பார்க்கவில்லை. பேச ஆரம்பித்ததும் அவர்களுக்குப் பறக்க மறந்துவிட்டது.

ஆனால் எங்கள் தெருப் பையன்களுக்கு ஒரு குறை உண்டு. சந்தியாவந்தனம் முடிக்காமல் யாரையும் வெளியே விடமாட்டார்கள். முடித்துவிட்டு ஓடுவதற்குள் கூடாரத்தில் படம் பாதி போயிருக்கும். ஆகையால் அத்திம்பேர் உட்பட ஸ்ரீவராகத்தில் பிறந்த எவனும் எந்தப் படத்தின் ஆரம்பத்தையும் பார்த்ததில்லை. முடிவுகள் மட்டும் எங்களுக்கு அத்துப்படி.

பேசும் படம் வந்ததும் பழைய ரீல்களை யாரும் சீந்தவில்லை. வளையல் செய்கிறவர்கள் மூட்டை மூட்டையாக வாங்கிப் படத்தைச் சுரண்டிவிட்டுப் பட்டையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். எத்தனை தேவகன்னிகைகள் எந்தெந்தக் கைகளில் வளையலாகக் குலுங்கினார்களோ!

ஒரு நாள் அத்திம்பேர் உத்தியோக உயர்வு வேண்டிப் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போனார். வழியில் ஒரு வளையல் கடை வாசலில் குழந்தைகள் ரீல் துண்டுகளை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தன. இவரும் ஒரு துண்டை வாங்கிப் பார்த்தார். சிவப்புக் குடை பிடித்த ஒரு மனுஷன் மேகத்தின் நடுவே நின்றான். கூடாரத்தில் இவர் பார்த்த அதே குடைக்காரன்! கடைக்குள் போய் மூட்டையைக் கிளறி, மிஞ்சியிருந்த சுருளை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். தேங்காய் பையிலேயே கிடந்தது.

உயர்வு கடைசிவரை வரவில்லை. "பிள்ளையாருக்கு உடைக்க வேண்டிய தேங்காயைச் சட்னி அரைச்சுத் தின்னா எப்படி வரும்?" என்பாள் அக்கா.

அந்தச் சுருளிலிருந்து நல்ல கற்பூர வாசனை வந்தது. அந்தக் காலத்து ரீலில் கற்பூரம் சேர்ப்பார்களாம். அதனால்தானோ என்னவோ, வீட்டில் குளுமையான இடம் வேண்டும் என்று அத்திம்பேர் கேட்டபோது, அரிசியும் உப்புமாங்காய் ஊறும் பரணியும் இருக்கும் உக்கிராண அறையிலேயே அக்கா அதற்கு இடம் கொடுத்தாள். குளிக்காமல் நானே நுழைய முடியாத அறை அது.

பாதிப் படம்

அத்திம்பேரிடம் ஒரு தகர மிஷின் இருந்தது. கையால் சுற்ற வேண்டும். உள்ளே ஒரு பல்பு. பண்டிகை நாட்களில் முன்னறை ஜன்னல்களைப் போர்வையால் மூடி, சுவரில் வேட்டி கட்டி, பக்கத்தில் ஒரு வாளி மணலும் வைத்துக்கொண்டு ஓட்டுவார். அந்த ரீல் வெடிமருந்து மாதிரி. சுற்றுகிற கை நின்றால் பல்பின் சூட்டில் பற்றிக்கொள்ளும்.

படம் இதுதான். மேக மாளிகையில் குடைக்காரன் நிற்கிறான். மேகராஜன் கைதட்டுகிறான். ஏழு ஜாடிகளிலிருந்து ஏழு நிறத்தில் ஏழு பெண்கள் எழும்பி, சுழன்று வானவில்லாகிறார்கள். குடைக்காரன் வானவில்லைச் சுருட்டிக் குடைக்குள் வைத்துக்கொள்கிறான். மாளிகை கரைகிறது. அவன் விழுந்து, குடையை விரித்து, மிதந்து மிதந்து தரைக்கு வருகிறான். ஒரு வாசலில் ஒரு பெண் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். அவள் தலைக்கு மேல் குடையை விரிக்கிறான். பூவாகக் கொட்டுகிறது. அவ்வளவுதான்.

அத்தனை நிறமும் கையால் தீட்டியது. கட்டை விரல் அளவு படம் ஒவ்வொன்றிலும் பெண்கள் உட்கார்ந்து தூரிகையால் வண்ணம் வைப்பார்களாம். அந்த முகம் தெரியாத பெண்களை நினைத்து நான் மனதுக்குள் கும்பிட்டதுண்டு.

வாசலில் நிற்பவள் யார்? பக்கத்து வீட்டுச் சண்டைக்காரி, அடிக்கக் கை ஓங்குகிறாள் என்பது அத்திம்பேரின் கட்சி. குடைக்காரன் ஏன் மேலே போனான்? அது அவருக்குத் தெரியாது.

அக்கா ஒரு நாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. கண்டவர் கையும் பட்ட சாமான், ஊர் சுற்றிய ரீல். உக்கிராண அறையில் தகர டப்பாவுக்குள் இருந்தால் சரி. அதை எதிரே வைத்துப் பார்க்க வேறு வேண்டுமா என்பாள். அத்திம்பேர் கூப்பிடுவார். இவள் நிலைப்படியில் வந்து, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். "அடுப்பில பால் இருக்கு" என்பாள். ஆனால் போகமாட்டாள். கடைசியில் ஒரு கேள்வி மட்டும் கேட்பாள்.

"அவன் எதுக்காக்கும் மேல போனான்?"

"அந்தப் பாதி நம்மகிட்ட இல்லை, செல்லம்."

"காரணம் தெரியாத கதையை என்னத்துக்குப் பாக்கறது?"

இந்தக் கேள்வி அத்திம்பேரை அரித்துக்கொண்டே இருந்தது. முழுப் படத்தையும் ஒரு தடவையாவது ஓட்ட வேண்டும், அவளை உட்காரவைத்துக் காட்ட வேண்டும். அவர் ஆசைப்பட்டதெல்லாம் இது ஒன்றுதான்.

நாகர்கோவில் சார்

சாமுவேல் சார் நாகர்கோவிலில் சயன்ஸ் வாத்தியார். பள்ளிக்கூடக் கட்டிட விஷயமாக மராமத்து ஆபீசுக்கு வந்தவர், அத்திம்பேரின் மேஜையில் கண்ணாடிக்கு அடியில் இருந்த ரீல் துண்டைப் பார்த்துவிட்டுக் கட்டிடத்தையே மறந்துபோனார்.

"சார், இந்தக் குடக்காரன் உங்ககிட்ட எப்படி வந்தான்? இவன் எங்க வீட்டுல இருக்கவனாக்கும்!"

கோட்டாறு சந்தையில் பழைய இரும்புக் கடையில் அவருக்குக் கிடைத்தது முதல் பாதி! மேக மாளிகையின் கதவு திறக்கிற இடத்தோடு அறுந்துவிடுமாம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் அவர் பல வருஷமாகத் தூக்கம் கெட்டிருந்தார்.

சேகரிப்புக்காரர்கள் சந்தித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறீர்களா? சம்பந்தி வீட்டார் தோற்றார்கள். அத்தனை உபசாரம், அத்தனை சந்தேகம். 'உங்கள் பாதியைக் கொடுங்கள்' என்று இருவர் மனதிலும் இருக்கிறது. இருவர் வாயிலும் வரவில்லை. கடைசியில் ஒரு உடன்பாடு. சார் முதலில் வந்து இவருடையதைப் பார்ப்பது. அடுத்த சனிக்கிழமை தன்னுடையதைக் கொண்டுவருவது. இரண்டையும் சேர்த்து ஓட்டுவது.

முதல் சனிக்கிழமை சார் வந்தார். வேற்று மனிதர் வந்தால் கொடுப்பதற்கென்று தனியாக ஒரு தம்ளர் எங்கள் வீட்டில் இருந்தது. அதில்தான் அக்கா காப்பி கொடுத்தாள். அந்தக் காலத்து லட்சணம் அது, மறைப்பானேன். சார் அதைக் கவனித்திருப்பார். ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ரீலைக் கையில் எடுத்ததும் அவருக்கு வேறு எதுவுமே கண்ணில் படவில்லை.

"எப்படி வச்சிருக்கீக! ஒரு பூச்சி இல்ல, பிசுக்கு இல்ல. வெந்நி மட்டும் காட்டிராதீக. இந்தப் படத்தப் புடிச்சு நிறுத்தியிருக்கது ஒரு பசையாக்கும். ஜெலாட்டின். மாட்டெலும்பக் காய்ச்சி எடுப்பாவ. சூடு பட்டா எளகிரும்."

உள்ளே ஒரு பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. அத்திம்பேருக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

அக்காவின் சாஸ்திரம்

அந்த வாரம் முழுக்க அக்காவுக்கு உக்கிராண அறையிலேயே வேலை. உப்புமாங்காய்ப் பரணியைக் காலி செய்து தென்னைமரத்தடியில் கொட்டினாள். உக்கிராண அறையை இரண்டு தடவை கழுவினாள். ரீலை என்ன செய்வாள் என்று எனக்குத் திக்திக்கென்று இருந்தது. மாட்டுக் கொட்டிலுக்கு அனுப்பினால் எலி கடிக்கும், மச்சில் வைத்தால் ஓட்டுச் சூட்டில் எரிந்தே போகும். வீட்டை விட்டு அனுப்புவது என்றால் அத்திம்பேரின் உயிரில் பாதியை அனுப்புவதற்குச் சமம்.

அவள் எதையும் அனுப்பவில்லை. சனிக்கிழமை காலை நாங்கள் இருவரும் கிளம்பியதும் ரீலை எடுத்துக் கிணற்றடிக்குப் போனாள். ஈரப் புடவையோடு இறைத்து இறைத்து முக்கினாள். ஒரு சிட்டிகை மஞ்சளும் போட்டாள். கோலால் தூக்கி மடிக்கொடியில் உலர்த்திவிட்டாள். தீட்டுப்பட்ட பட்டுக்கு உண்டான சிகிச்சை. பயாஸ்கோப் ரீலுக்கு எந்த சாஸ்திரத்திலும் விதி எழுதியிருக்காது. அக்கா தானே ஒன்று எழுதிக்கொண்டாள்.

இந்த நிலையில்தான் நான் அன்று மத்தியானம் முற்றத்தில் நின்றேன்.

அத்திம்பேர் வந்தார். பார்த்தார். ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அக்கா அடுக்களை வாசலுக்கு வந்தாள். அவள் குரல் சன்னமாக இருந்தது.

"எலும்புன்னு கேட்டேனா, நெஞ்சு பதறிப் போச்சு. வெளியில போடுங்கோன்னு சொல்ல மனசு வரலை. நீங்க படற பாடு எனக்குத் தெரியாதா? நனைச்சு எடுத்துட்டா உள்ளயே இருக்கலாமேன்னு..."

அத்திம்பேர் கேட்ட முதல் கேள்வி இது:

"வெந்நீரா, பச்சைத் தண்ணியா?"

"பச்சத் தண்ணிதான்."

"சோப்பு?"

"சோப்புல கொழுப்பு இருக்குமே. அதை நான் தொடுவேனா?"

அத்திம்பேர் கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விட்டார். எழுந்து போய்க் கோலை வாங்கி, ஒரு மடிப்பை விலக்கி வெளிச்சத்தில் பார்த்தார். குடைக்காரன் இருந்தான். ஆனால் குடையின் சிவப்பு வழிந்து ஆகாயத்தில் ஏறியிருந்தது. பச்சைப் பெண்ணின் பாவாடை நீலப் பெண்ணின் முகத்தில் படிந்திருந்தது. எல்லாவற்றின் மேலும் இளம் மஞ்சள். மூங்கிலைத் தொட்டுக் காய்ந்த இடங்களில் படம் மூங்கிலோடேயே ஒட்டிக்கொண்டு, ரீலில் வெறும் கண்ணாடியாக இருந்தது.

அவர் கண்கள் நிறைந்துவிட்டன. கோலைச் சுவரில் சாத்திவிட்டு, "சாரம் இல்லை, செல்லம்" என்றார். பரவாயில்லை என்பதற்கு நாங்கள் சொல்லும் வார்த்தை. அத்தனை கனத்தோடு அந்த வார்த்தையை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆரம்பமும் முடிவும்

சாமுவேல் சார் டப்பாவும் கையுமாக வந்து இறங்கினார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கப்பிடாதா! எல்லாம் போச்சே சார். சரி, எம் பாதியையாவது பாருங்க. அத ஓட்டிட்டு நான் கெளம்புதேன்."

ஜன்னல்களில் போர்வை ஏறியது. மணல் வாளி வந்தது. அப்போது யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அக்கா ஒரு மணையை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். எங்களுக்குச் சற்றுத் தள்ளிப் போட்டு, திரையைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"பால்?" என்றார் அத்திம்பேர், நம்பமுடியாமல்.

"இறக்கியாச்சு. அதான் மடியாயாச்சே, பாக்கறதுக்கென்ன?"

முதல் பாதி ஓடியது. ஒரு தெரு. தோளில் குடைக்கட்டோடு குடைக்காரன் வேலைக்குக் கிளம்புகிறான். வாசலில் அவன் மனைவி சோற்று மூட்டையைக் கொடுக்கிறாள். வெயில் அவள் கண்ணில் அடிக்கிறது. அவளுக்கு நிழல் பிடிக்கக் குடையை விரிக்கிறான். காற்று அடிக்கிறது. குடை அவனைத் தூக்கிக்கொண்டு போகிறது. சோற்று மூட்டை விழுகிறது. அவள் அண்ணாந்து பார்க்கிறாள். அவன் பறவைகளைத் தாண்டி, நட்சத்திரங்களைத் தாண்டி மேலே மேலே போகிறான். மேகக் கதவு திறக்கிறது.

"இதுக்காகவா போனான்!" என்றாள் அக்கா, தனக்குத்தானே.

அத்திம்பேர் மடிக்கொடியிலிருந்து எடுத்துச் சுருட்டி வைத்திருந்த இரண்டாவது பாதியை மாட்டினார். ரீல் முறுக்கிக்கொண்டு கடகடவென்று சத்தம் போட்டது. மிஷினைச் சுற்றத் தொடங்கினார்.

என்னத்தைச் சொல்ல! அப்படி ஒன்றை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. நிறங்கள் ஓர் இடத்தில் நிற்கவில்லை. சிவப்பு மேகத்தில் பாய்ந்தது. ஏழு பெண்களும் நிஜமாகவே கரைந்து ஒருவருக்குள் ஒருவர் ஓடினார்கள். மாளிகையின் சுவரில் மழை வழிந்தது. மூங்கில் தொட்ட இடம் வரும்போதெல்லாம் குடைக்காரன் பளீரென்ற வெளிச்சத்தில் மறைந்து, கொஞ்சம் தள்ளித் தோன்றினான். எது படக்காரன் செய்த மாயம், எது அக்கா செய்த மாயம் என்று பிரிக்கவே முடியவில்லை.

சாமுவேல் சார் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "சார்," என்றார், "இதுமாதிரி உலகத்துல இன்னொண்ணு கெடையாது. எனக்கு இத எடுத்துத் தாங்க. எம் பாதிய நீங்க வச்சுக்கிடுங்க."

"தரமாட்டேன்" என்றார் அத்திம்பேர், கையை நிறுத்தாமல். சற்று முன் எல்லாம் போச்சு என்ற சார் கேட்கிறார், கண் நிறைந்து நின்ற அத்திம்பேர் மறுக்கிறார். சேகரிப்புக்காரர்களின் மனசு அப்படி. அதற்காகவே எனக்கு அவர்களைப் பிடிக்கும்.

குடைக்காரன் மிதந்து இறங்கினான். வாசல் வந்தது. அதே வாசல். மஞ்சள் வெயிலில், கையைக் கண்ணுக்கு மேல் வைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டு, அதே பெண்.

அத்திம்பேரின் கை ஒரு கணம் தடுமாறியது. சண்டைக்காரி என்று எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்! அவளை அங்கேயே நிறுத்திப் பார்க்க அவருக்கு எவ்வளவு ஆசையாக இருந்திருக்கும்! நிறுத்தினால் எரிந்துபோகும். சுற்றிக்கொண்டே இருந்தார். பூக்கள் எல்லா நிறத்திலும் கொட்டின. வெறும் வெளிச்சம் வந்தது. பல்பை அணைத்தார்.

இருட்டில் அக்காவின் குரல் கேட்டது.

"அவன் போனதுலேர்ந்து அவ அங்கயேதான் நின்னுண்டிருந்தாளா?"

"ஆமாம், செல்லம்" என்றார் அத்திம்பேர். "எனக்குத்தான் தெரியலை."

 நான் போர்வையை விலக்கப் போனேன். சாமுவேல் சார் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இருங்கோ சார்" என்றாள் அக்கா. "நாலு பேருக்கும் காப்பி போடறேன்."

உள்ளே போய்த் தட்டில் நான்கு தம்ளர்களோடு வந்தாள். நான்கும் ஒரே மாதிரி, வீட்டுத் தம்ளர்கள். சார் ஒன்றை எடுத்துக்கொண்டார். இந்தத் தடவை அவர் கவனித்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

காப்பி முடிந்ததும் அக்கா மணையைத் திரைக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மறுபடி ஒருக்கப் போடுங்கோ. ஆரம்பத்துலேர்ந்து."